மாமியாரைத் தவிர

ஊருக்குத் திரும்பிப் போக யாரைக் கண்டு பயம் என்று அகதிகள் அலுவலகத்து அதிகாரி கேட்டார். "மாமியாரைத் தவிர யாரைக் கண்டும் பயமில்லை சார்" என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சிரிக்காதவரைக் கண்டால் இன்னொன்றை எடுத்துவிடுவது என் வழக்கம். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கொஞ்ச நாளில் முடிவு வந்தது: எவெலியோ என்கிற இந்த ஆளுக்குத் தக்க அச்சம் இல்லை, ஹோண்டுராஸுக்குத் திரும்பலாம்.

"எங்கம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. உசுரோட இருந்தப்பவே நீ அவளுக்குப் பயந்தவனில்ல" என்றாள் என் மனைவி நூபியா.  

எங்கள் ஊர் சான் பெட்ரோ சூலாவில் நான் பஸ்ஸில் உதவியாளாக இருந்தேன். ஓட்டுநர் ருதிலியோ. கதவில் தொங்கியபடி நான் கத்துவேன், அவன் சீட்டியடிப்பான். விடியலில் ஏறும் தையல் ஆலைப் பெண்கள் தூக்கத்தோடு முன்னாலேயே நெருக்கி நிற்பார்கள். "உள்ள போங்க அக்கா, பின்பக்கமும் இதே ஊருக்குத்தான் போவுது" என்பேன். தினமும் அதே வசனம், தினமும் சிரிப்பார்கள். கையில் சுடச்சுட வைத்திருக்கும் பலேயாதா ரொட்டியைக் கிள்ளி எனக்கொரு துண்டு தருவார்கள். கருகிய மாவும் பீன்ஸும் டீசலும் கலந்த அந்த வாசனை இன்னமும் சில காலைகளில் எங்கிருந்தோ வருகிறது. ருதிலியோவைச் சுட்டுக் கொன்றவன் எங்கள் பஸ்ஸில்தான் ஏறினான். அவனையும் உள்ளே போகச் சொல்லி வேடிக்கை பேசினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். அகதிகள் அலுவலக விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் வாயில் வரவில்லை. வந்தது மாமியார்தான்.

எல்லை தாண்டி நாங்கள் வந்து சேர்ந்த தபாச்சுலாவில் எங்களுக்கு வாய்த்த வக்கீலம்மா கிராசியேலா, அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார். ஜெயிப்போமா என்று கேட்டால் மாம்பழம் நறுக்கித் தருவார். இருக்க விடுவார்களா என்றால், மழை வரும் போலிருக்கிறது, துணியை எடுங்கள் என்பார். கடைசியில் நீதிபதி எழுதினார்: பயமில்லை என்று அதிகாரிக்குத் தோன்றியிருந்தால் அதை அந்த ஆளிடமே சொல்லி, பதிலைக் கேட்டிருக்க வேண்டும். அந்த முடிவு செல்லாது. வேறு அதிகாரி மறுபடி விசாரிக்கட்டும்.

"அப்ப இருக்கலாமா?" என்றாள் நூபியா.

வக்கீலம்மா இன்னொரு மாம்பழத்தை எடுத்தார்.

இரண்டாம் விசாரணைக்குக் கிளம்பும்போது நூபியா என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "சிரிப்புக் காட்டினே, உன்னை நானே எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிடுவேன்" என்றாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

புது அதிகாரி நடுவயதுப் பெண். பழைய முடிவை என் முன்னால் வைத்து, தக்க அச்சம் இல்லை என்ற இந்த வரிக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. விழுங்கினேன்.  நான் ஏதோ முனகியிருக்க வேண்டும். அவர் எழுந்துபோய், கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த வெக்கையில் இரண்டு பேருக்கும் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நான் சொன்னா நம்புவீங்களாம்மா?" என்றேன்.

"தெரியாது" என்றார். "நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."