முதல் எனக்குச் சொல்லவேணும்

கணினிக்குள்ளிருந்து வந்த பெண்குரல் பிள்ளையார் படத்தையும் கழற்றச் சொன்னது. பரீட்சை எழுதும் அறைச் சுவரில் எழுத்தோ எண்ணோ இருக்கக் கூடாது என்று விதி. படத்தின் அடியில் உரும்பிராய்ச் சந்திக் கடையொன்றின் தொலைபேசி இலக்கம் அச்சடித்திருந்ததால் பிள்ளையாரும் பிடிபட்டுப்போனார். பிரசாந்தி கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, "குறை நினையாதையப்பா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முகம் சுவரைப் பார்க்க அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்திவைத்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினாள். கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், கூரை வளையில் பிடிபிடியாகத் தொங்கிய விதை வெங்காயம். மேலே தொங்குவது என்ன என்று அந்த மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கேட்டாள். வெங்காயம் என்றாள் இவள். எந்த நாட்டுக்காரியோ, கொஞ்சம் யோசித்துவிட்டு வெங்காயத்தை மட்டும் மன்னித்தாள்.

இணையவழியில் படித்து, இணையவழியிலேயே எழுதுகிற பரீட்சை அது. கணக்காளர் தகைமைக்கான கடைசித் தாள். வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில், யாழ்ப்பாண நகரில், பிரசாந்தி தற்காலிகமாக வேலை செய்தாள். சான்றிதழோடு வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். அது போதாதென்று, முந்திச் சித்தியடைந்த தாள்களுக்கும் ஆயுள் முடிகிறது. இன்றைக்குக் கோட்டைவிட்டால் திரும்பவும் முதலாம் தாளிலிருந்து. அப்பா இல்லாத வீடு. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு அம்மா படிப்பித்த பிள்ளை. இன்னொரு தரம் அடியிலிருந்து தொடங்க அவளிடம் தெம்பு இல்லை.

பாடத்துக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் சத்தத்துக்குத்தான். அறைக்குள் வேறொருவர் தலை தெரிந்தால், வேறொருவர் குரல் கேட்டால், பரீட்சை அந்த இடத்திலேயே ரத்து. போன முறை அப்படித்தான் போனது. அம்மா மீனாம்பிகை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பாதிப் பரீட்சையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். கையில் இஞ்சி போட்ட தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி வேறு. "நீ கதையாதை பிள்ளை, நான் வைச்சிட்டுப் போறன்" என்றாள். திரை கறுத்துப்போனது. அவளைக் குறை சொல்லி என்ன? பெற்ற பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு நேரக்கணக்காகக் கிடக்க, தேத்தண்ணி கொடுக்காமல் விடுகிற வீடு எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தேத்தண்ணியால் போன சோதினை என்று சுன்னாகம் சந்தை வரைக்கும் கதை போய்விட்டது.

சிரிக்காத ஆள் ஒருவர்தான், பக்கத்து வளவு நமசிவாயம் மாமா. சொந்தம் ஒன்றுமில்லை, வேலிக்கு வேலி மாமா. அவரும் மனைவி பராசக்தி மாமியும் கனடாவிலிருக்கும் மகனோடு கதைக்கவென்று போட்ட இணைய இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து, கிடுகு வேலிக்குள்ளால் விட்டு, இவளுடைய அறை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். காசு தரட்டோ என்று கேட்டதற்கு, "உன்ரை பாடத்தை நானும் ஓசியிலை கேக்கிறன்தானே, அதுக்கும் இதுக்கும் சரி" என்றார். உண்மைதான். இரண்டு வீட்டு யன்னலும் நேருக்கு நேர். நெஞ்சு வருத்தத்தோடு அவர் கட்டிலில் விழுந்த பிறகு, இவளுடைய விரிவுரைகள்தான் அவருக்கு வானொலி. ஒருநாள் யன்னலுக்குள்ளால் கூப்பிட்டார்.

"பிள்ளை, தேய்மானம் எண்டு உந்த மாஸ்டர் வடிவா விளங்கப்படுத்தினார். அப்ப என்னைப் போலை கிழட்டு மெசினை எத்தினை வருசத்திலை எழுதித் தள்ளுவினம்?"

"கணக்கிலை எழுதித் தள்ளினாலும், ஓடுற மெசின் ஓடிக்கொண்டுதான் இருக்கும் மாமா."

சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமல்தான் இப்போது அவளுடைய பயம். தொடங்கினால் நாலு வளவுக்குக் கேட்கும். யன்னலைச் சாத்தினாலும் அடங்காது. அவருடைய இணைப்பில் படித்துவிட்டு அவரிடமே போய் இருமாதையுங்கோ என்று எந்த முகத்தோடு சொல்வது? பிரசாந்தி நாலைந்து தரம் யன்னலடிக்குப் போய் வேறு எதையோ கதைத்துவிட்டுத் திரும்பிவந்தாள். கடைசியில் முந்தநாள் அவரே வாயைத் திறந்தார்.

"நீ என்ரை இருமலுக்குத்தானே பயப்பிடுறாய்?"

"சீச்சீ, இல்லை மாமா."

"பொய் சொல்லாதை. சோதினை அண்டைக்கு இஞ்சையிருந்து ஒரு சத்தம் வராது. இருமலை விழுங்கிக்கொண்டு கிடக்கிறன், நீ யோசியாமல் எழுது. ஆனா ஒண்டு, முடிஞ்ச உடனை முதல் எனக்குத்தான் வந்து சொல்லவேணும். கொம்மாவுக்குப் பிறகு சொல்லலாம்."

"ஓம் மாமா" என்றாள். கண் கலங்கிவிட்டது, காட்டாமல் வந்துவிட்டாள்.

இப்போது திரையில் கேள்விகள் வந்தன. பிரசாந்தி ஒரு கண்ணைக் கணக்கிலும் ஒரு காதை யன்னலிலும் வைத்துக்கொண்டுதான் தொடங்கினாள். இருமல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்தும் வரவில்லை. மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இருமல் மட்டுமா, வழக்கமாக அந்த நேரத்தில் ஒழுங்கையில் ஹோன் அடித்துக்கொண்டு போகும் மீன்காரரைக் காணவில்லை. பின்வளவுத் தோட்டத்தில் இறைப்பு மெசினும் போடவில்லை. எல்லாரும் எனக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் போல என்று நினைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையாரிடம், இந்தச் சனம் நல்லாயிருக்கவேணும் என்று வேண்டிக்கொண்டாள். பாதியில் ஒரு காலடி கதவு வரைக்கும் வந்து நின்றது. ஐயோ அம்மா, வந்திடாதையணை என்று மூச்சை அடக்கினாள். காலடி கொஞ்சம் நின்று, திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு கணக்கு வாய்க்காலில் தண்ணீர் போவது போல ஓடியது. கடைசிப் பொத்தானை அழுத்தியபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் சித்தியடைந்துவிட்டதாக எழுதியிருந்தது.

அவள் கத்தவில்லை. இரண்டு கையையும் கூப்பி, பிள்ளையாரைத் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். விறாந்தையில் அம்மா இல்லை. குசினியில் அடுப்பு மூட்டவே இல்லை. சரி, எப்படியும் முதலில் மாமாவுக்குத்தானே சொல்லவேண்டும் என்று வேலியில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து பக்கத்து வளவுக்குள் புகுந்தாள்.

நிமிர்ந்தபோது வளவு நிறையச் சனம் நின்றது. ஒரு சத்தம் இல்லை. ஆம்பிளைகள் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே தூக்கி வந்து, நிலத்தில் முட்டாமல் இறக்கினார்கள். அயல்வீட்டு றமேஸின் ஓட்டோவை இரண்டு பேர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பந்தலுக்குக் கம்பு நடக் குழி தோண்டவென்று கொண்டுவந்த அலவாங்கு குத்தப்படாமல் மதிலோடு சாய்ந்து கிடந்தது. அவளைக் கண்டதும் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"நீ கதவைச் சாத்தின உடனைதான் பிள்ளை. சுடுதண்ணி கொண்டுபோன மாமிதான் கண்டது. உனக்குச் சொல்லுவமெண்டு கதவடிக்கு வந்தனான், மாமி விடேல்லை." எல்லாம் முடிந்த பிறகும் அம்மாவுக்குக் குரல் குசுகுசுவென்றுதான் வந்தது.

உள்ளே தலைமாட்டில் விளக்கு எரிந்தது. வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். பராசக்தி மாமி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தபடி பக்கத்தில் இருந்தாள். கண் சிவந்திருந்ததே தவிர ஈரமில்லை. பிரசாந்தியைக் கண்டதும் தலைப்பை வெளியே எடுத்தாள்.

"நான் ஒருத்தரையும் அழ விடேல்லை. அந்தாள் உனக்குச் சொல்லுக் குடுத்தது. செத்தாப்பிறகு அது இல்லையெண்டு போயிடுமே?"

பிரசாந்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். எந்த அமைதிக்குக் காலை முழுவதும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாளோ, அது எதனால் வந்த அமைதி என்று இப்போதுதான் விளங்கியது. கட்டின புருசனுக்காக அழ ஒரு மனுசி இவளுடைய சோதினை முடியும்வரை காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்தக் கடனை எந்தப் பிறப்பில் தீர்ப்பது?

"மாமி, நான்..."

"எனக்குச் சொல்லாதை பிள்ளை" என்று மாமி கையைக் காட்டி மறித்தாள். "அவருக்கெல்லோ முதல் சொல்லவேணும்."

பிரசாந்தி முழங்காலால் நகர்ந்து அவருடைய தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். அலுமாரிக்கு மேலே இணையப் பெட்டி பச்சை வெளிச்சத்தை மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய வயர், கட்டிலைச் சுற்றி, யன்னலுக்குள்ளால் வேலிப் பக்கம் போனது. அவருக்கு ஒருநாளும் அவள் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. வேலிக்கு வேலி இருக்கிறவர்களுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்கிற வழக்கமில்லை.

"பாஸ் மாமா" என்று காதோடு சொன்னாள். பிறகு, "மெத்தப் பெரிய உபகாரம் மாமா. உங்கடை உபகாரத்தை நான் மறக்கமாட்டன்" என்றாள்.

மாமி அவளுடைய தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டிட்டியளோ?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்தாள். அதற்குப் பிறகுதான் "என்ரை ராசா" என்று அந்த வீட்டிலிருந்து முதல் சத்தம் வெளியே வந்தது.

ஒழுங்கையில் யாரோ ஒருவர் கதிரையொன்றைத் தரதரவென்று இழுத்துப் போட்டார்.