வேகம் எழுதாத இசைத்தட்டு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பால்பவுடர் ஆலையின் சாப்பாட்டு அறையில் ஃபெர்கஸ் சொன்னது. சொல்லும்போது சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்தான். பாதி வார்த்தை சீஸோடு உள்ளே போய்விட்டது. போன பாதியை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நியூசிலாந்தின் தென்கோடியில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாக உள்ள வைகோரா என்னும்

வேண்டாம். ஆடுகளை எண்ணுகிறவன் ஊருக்குப் புதியவன். இரண்டாவது:

இசை ஒரு மனிதனை எப்படியெல்லாம்

இதுவும் வேண்டாம். இசை ஒரு மனிதனை ஒன்றும் செய்வதில்லை. கேட்டு முடித்தபிறகும் பாத்திரம் கழுவத்தான் வேண்டும். மூன்றாவது தொடக்கம் இது: ஃபெர்கஸ் இல்லாத ஓர் ஆளைத் தேடிப் போனான். இதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஃபெர்கஸுக்குப் பிடித்த பாட்டு ரேடியோவில் வராது. நாலு பேர் சேர்ந்து கார் ஷெட்டில் பாடி, இருபது முப்பது தட்டு மட்டும் வெட்டி, உறையைத் தாங்களே ஒட்டி, ஒரு லேபிள் பெயரும் வைத்துக்கொண்டு வெளியிடுவார்களே, அந்த மாதிரிப் பாட்டு. வைகோராவில் இசைத்தட்டுக் கடை கிடையாது. மருந்துக்கடையில் ஒரு கம்பி ஸ்டாண்டில் கேசட் தொங்கும், ஆட்டுக் குடற்புழு மருந்துக்குப் பக்கத்தில். டனீடன் நகரத்தில் இருந்து யாரோ ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும் பட்டியலைப் பார்த்துத் தபாலில் கேட்பான். அவன் கடிதம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். பாடினவர்களின் நண்பர்கள் இருபது பேர், தட்டும் இருபது. கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

[இணையத்தில் எல்லாம் கிடைக்கிற காலத்துக்குக் கொஞ்சம் முந்தைய கதை இது. ஃபெர்கஸ் ஏன் தேடிப் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். தேடுவது என்றால் அப்போது கார் எடுத்துக்கொண்டு போவது.]

அதனால்தான் சர்ச் நடத்தும் பழைய சாமான் கடையில் அந்தத் தட்டு கிடைத்தபோது அவன் விலைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டான். கிறிஸ்துமஸ் பாடல்களுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் நடுவில், கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து வெட்டுகிற வகை. பழுப்புக் காகித உறை. அதில் உருளைக்கிழங்கை வெட்டி மையில் தோய்த்து அச்சுக் குத்தியது போல ஒரு கயிற்றின் படம், கீழே லேபிளின் பெயர்: ஈரக்கயிறு. பாடினவர் பெயர் இல்லை. பாட்டின் பெயர் இல்லை. வேறு எதுவுமே இல்லை.

கடையைப் பார்த்துக்கொள்ளும் நோலீன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது பாட்டா? நான் கேக் வைக்கிற தட்டுன்னு நெனச்சேன். நல்லவேளை, கழுவாம விட்டேன்."

3

அவனுடைய ரெக்கார்டு பிளேயரும் நோலீன் கடையில் வாங்கியதுதான். அதில் வேகத்தை மாற்றும் லீவர், நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் சிக்கிக்கொண்டு அசையாது. பெரிய தட்டுகள் எல்லாம் அந்த வேகம்தான் என்பதால் ஃபெர்கஸுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஊசியை வைத்தான். ஓர் ஆண் குரல். கனத்த குரல், அவசரமே இல்லாத குரல். அறையில் இல்லாத யாரிடமோ, பதில் வராது என்று தெரிந்தும் பேசுகிற குரல். பின்னால் ஒரு கிட்டார், ஒவ்வொரு கம்பியையும் யோசித்துத் தொடுவது போல. பாட்டு முடிந்து, கிட்டார் அடங்கும் இடத்தில், அந்த ஆள் மெல்லச் சிரித்தான். தனக்குள் சிரிப்பது போல, சின்னதாக.

அந்தச் சிரிப்புக்காகவே ஃபெர்கஸ் திரும்பத் திரும்பப் போட்டான்.

[இந்த இடத்தில் ஷோனா என்று ஒரு மனைவியை எழுதி, அவள் பெட்டியோடு கிளம்பிப் போவதையும் எழுதியிருந்தேன். ஒரு மனிதன் ஒரு பாட்டை இவ்வளவு கேட்பதற்குக் காரணம் வேண்டுமே. ஃபெர்கஸிடம் சொன்னபோது, "எனக்குக் கல்யாணமே ஆகலையே" என்றான். எடுத்துவிட்டேன். யாரும் விட்டுப் போகாமலும் ஒருவனுக்கு ஒரு பாட்டு பிடிக்கலாம் போலிருக்கிறது.]

சிக்கல் என்னவென்றால், இந்த வகைத் தட்டு மென்மையான பிளாஸ்டிக். போடப் போடத் தேயும். குளிர்காலம் முடிவதற்குள் குரலுக்கு மேல் மழை பெய்ய ஆரம்பித்திருந்தது. சிரிப்பு அந்த மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. அது முழுசாகப் போவதற்குள் இன்னொரு தட்டு வேண்டும். அல்லது அந்த ஆள் வேண்டும்.

4

நோலீனிடம் போய், அந்தப் பெட்டி யார் கொடுத்தது என்று கேட்டான். யோசிக்காமல் சொன்னாள். பிளஃப் துறைமுகத்தில் இருக்கிற ரேவா, சிப்பி உடைக்கிற ஷெட்டில் வேலை, வீட்டைக் காலி பண்ணும்போது கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டில் பாடுகிற ஆண் யார் என்று கேட்டான்.

"ஆம்பள யாரும் இல்லியேப்பா. தம்பி ஒருத்தன் இருந்தான், ஹேமி. அவன் வாயத் தொறந்து நான் பாத்ததே சாப்பிடத்தான். படகு கவுந்து போய்ட்டான், பாவம்."

ஆக, பாடியது ஹேமி. அவன் இப்போது இல்லை. ஃபெர்கஸ் காரில் போய் உட்கார்ந்தானாம். பிறகு, அந்த அக்காவிடம் போய், உன் தம்பி எப்படிப் பாடியிருக்கிறான் தெரியுமா என்று சொல்வதுதான் முறை என்று தோன்றியது. தட்டை ஸ்வெட்டரில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

இங்கே நான் ஒரு பக்கம் கடலை வர்ணித்தேன். அதுவும் வேண்டாம்.

5

ரேவா கதவைத் திறந்தபோது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். சிப்பி உடைக்கிறவர்களுக்கு வரும் வலி. ஃபெர்கஸ் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துவைத்திருந்ததைச் சொன்னான். தம்பிக்காக வருத்தம். தம்பியின் குரலைப் போல ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

"ஹேமியோட கொரலா?" என்றாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறுதல் சொல்ல வந்திருக்கியே, நீ எந்த சர்ச் ஆளு?"

அவன் ஸ்வெட்டரைப் பிரித்துத் தட்டைக் காட்டினான். அவள் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உள்ளே போய், தன் பிளேயரில் வைத்து, ஊசியை இறக்கினாள்.

தட்டு பறக்கிற வேகத்தில் சுற்றியது. ஒரு பெண் வேகமாகப் பாடினாள். கோபமான, துள்ளுகிற குரல். கிட்டார் அவளைத் துரத்திக்கொண்டு ஓடியது.

ஃபெர்கஸ் பொறுத்துப் பார்த்தான். பிறகு மரியாதையாகச் சொன்னான். "வேகம் தப்பா இருக்கு. முப்பத்துமூணுல போடணும்."

"நாப்பத்தஞ்சுதான்."

"இல்லைங்க. நான் ஒரு வருஷமா கேக்கறேன். எனக்குத் தெரியும்."

ரேவா அவனையே பார்த்தாள். "பாடினது நான்தாம்ப்பா" என்றாள்.

[மெதுவாகச் சுற்றினால் பெண் குரல் கனத்து ஆண் குரலாகிவிடும். ஃபெர்கஸ் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. இதை எப்படி எழுதினாலும் நகைச்சுவைத் துணுக்குபோல ஆகிவிடுகிறது. ஒரு வருஷம் ஒருவனோடு பழகியிருக்கிறீர்கள். அவன் பிறக்கவே இல்லை என்று ஒரு கதவுக்குப் பின்னால் இருந்து சொல்கிறார்கள். அப்படி வைத்துக்கொண்டு படியுங்கள்.]

உறையில் வேகத்தை எழுதியிருக்கலாமே என்று மட்டும் கேட்டானாம்.

"இருபது தட்டு, இருபது பேரு. எல்லாரயும் எனக்குத் தெரியும். யாருக்குன்னு எழுதறது? நீ வருவேன்னு கனவா கண்டேன்?"

6

பாட்டு முடிகிற இடத்தில், சிரிப்பு வர வேண்டிய இடத்தில், ஒரு சின்ன 'க்ரீச்' மட்டும் வந்தது. ரேவா ஊசியை எடுத்துவிட்டாள்.

"அது நாற்காலி" என்றாள், அவன் கேட்காமலே.

அவள் சொன்னதை நான் சுருக்குகிறேன். படகுக் கொட்டகையில் ஒரே மைக் வைத்துப் பதிந்தார்கள். ஹேமி முதுகைக் காட்டி உட்கார்ந்து கிட்டார் வாசித்தான். கரையில் தங்காமல் கடலே கதி என்று கிடக்கிறான் என்று அவனைத் திட்டித்தான் அவள் அந்தப் பாட்டை எழுதியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். திறந்தபோது நாற்காலி காலி. கதவு திறந்திருந்தது. கடைசிக் கம்பி அடங்குவதற்குள் எழுந்து போய்விட்டான். ஏன் போனாய் என்று அவள் கேட்கவில்லை, ரோஷம். அடுத்த சீசனில் படகு கவிழ்ந்தது.

"எந்திரிச்ச சத்தம் அதுல இருக்கு. அதான் அத நான் கேக்கறதில்ல. பெட்டியில போட்டுக் குடுத்துட்டேன்."

ஃபெர்கஸ் குழம்பிப்போனான். அவன் கேட்ட சிரிப்பு வேறு எங்கிருந்து வந்தது? சொல்லலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டான். "என் மெஷின்ல அது சிரிப்பு."

அவள் லீவரை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினாள். கடைசிக் கொஞ்சத்தை மட்டும் போட்டாள். கிட்டார் தயங்கித் தயங்கி அடங்கியது. மழை இரைச்சல். அதற்குள், தாழ்ந்த குரலில், யாரோ

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பல தடவை பார்த்தேன். "சிரித்தார்கள்" என்று முடித்தால் ரேவாவுக்கு நல்லது. "எழுந்தார்கள்" என்று முடித்தால் கதைக்கு நல்லது. இரண்டுமே எனக்கு நல்லதாகப் படவில்லை.]

"இன்னொரு தடவ" என்றாள் ரேவா.

போட்டார்கள். வேகமாக வைத்தால் நாற்காலி. மெதுவாக வைத்தால் சிரிப்பு. சிரித்துக்கொண்டே எழுந்திருந்தால்? சிரிப்பை அடக்கத்தான் வெளியே ஓடியிருந்தால்? ஃபெர்கஸுக்கு இப்போது மெதுவான பாட்டைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அந்த ஆணின் குரலுக்கு அடியில் இவள் குரல் தெரிந்தது. ரேவாவோ மெதுவானதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"தேஞ்சுடும், ப்ரோ" என்றாள் அவளே, அடுத்த தடவை ஊசியைத் தூக்கியபோது. ஆனால் கீழே வைக்கவும் இல்லை.

7

அவ்வளவுதான் ஃபெர்கஸ் சொன்னது. பிறகு கோப்பையைக் கழுவப் போய்விட்டான். தட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டான்.

ஆகவே நானே முடிவு எழுதினேன். தட்டை ரேவாவிடமே விட்டுவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு திரும்பினான் என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, அவன் லாக்கரில் பழுப்புக் காகிதத்தின் ஓரத்தைப் பார்க்கும்வரை. உறை மட்டும்கூட இருக்கலாம். தொட்டுப் பார்க்கவில்லை. பிறகு, லீவர் சிக்கிய தன் பிளேயரையும் அவளுக்கே கொடுத்துவிட்டான் என்று மாற்றினேன். இது யாரோ கைதட்டுவதற்காக எழுதியதுபோல் இருந்தது. பிறகு, இரண்டு பேரும் விடாமல் போட்டுப் போட்டு, சிரிப்பும் இல்லாமல் நாற்காலியும் இல்லாமல் வெறும் இரைச்சலாக ஆக்கிவிட்டு, டீ குடித்தார்கள் என்றும் எழுதினேன். மூன்றில் இதைத்தான் நான் கொஞ்சம் நம்பினேன். ஃபெர்கஸிடம் படித்துக் காட்டினேன்.

"நீ என்ன வேணா எழுதிக்கோ" என்றான். "சிரிப்புன்னு எழுதாத. நாற்காலின்னும் எழுதாத. அது எங்க விஷயம்."

அப்படியானால் எனக்கு இதில் வேலை இல்லை. ரேவாவின் அறையில் ஊசி இன்னும் மேலேயேதான் நிற்கிறது. கேட்கிற மாதிரி இன்னும் ஒரு தடவை வரும், அதற்குமேல் வராது. லீவர் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நாற்பத்தைந்தில் வைத்தால் ரேவாவின் பாட்டு அவளுக்குத் திரும்பும், ஹேமி எழுந்து போவான். முப்பத்துமூன்றில் வைத்தால், பாடாத ஓர் ஆள் பாடுவான், ஹேமி ஒருவேளை சிரிப்பான். தட்டை எடுத்து உறையில் போட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஃபெர்கஸ் நின்றுகொண்டிருக்கிறான், உங்களைத் தடுக்க மாட்டான்.

ரேவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய மர நாற்காலி. அது அந்த நாற்காலிதானா என்று யாரும் கேட்கவில்லை. அவள் காதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்கிறாள். நாற்காலி