மாதாவின் மடியில் வேறு பிள்ளை

கெஸியா வேலை பார்த்த வீட்டு எஜமானி திருமதி லாக்யருக்குப் புகைப்படப் பைத்தியம். ஓவியர்கள் தூரிகையால் செய்வதைத் தன் கேமராவால் செய்து காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வசந்தத்தில் கெஸியாவுக்கு நீலத் திரையைப் போர்த்தி, அவளுடைய எட்டு மாத ஜேபஸை மடியில் வைத்து, மாதாவும் குழந்தையுமாக, அந்தக் காலத்து வழக்கப்படி கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தாள். கோடையில் ஜேபஸ் காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் முகம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படத்தில்தான். ஹேஸ்டிங்ஸ் நகர மண்டபக் கண்காட்சியில் அதை மாட்டியதும், கெஸியா அரை நாள் விடுப்புக் கேட்டு ஓடினாள். சட்டத்துக்குள் அவள் இருந்தாள். மடியில் இருந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளை. படத்தருகே நின்ற எஜமானியிடம் திரும்பினாள்.

“இது என் புள்ள இல்லீங்கம்மா!”

“மெதுவாப் பேசுடி, நாலு பேர் பாக்கறாங்க. உன் பையன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தானா? உன்னப் பாத்துச் சிரிச்சு ஆடினான், மூஞ்சி கலங்கிப்போச்சு. ரொட்டிக்கடைக்காரி குழந்தையத் தனியா எடுத்துச் சேத்தேன். ஒட்டு தெரியுதா, சொல்லு?”

“கலங்கினாப் பரவால்லீங்கம்மா. அந்தக் கண்ணாடியக் குடுங்க, போதும்.”

“அது ஏது இப்ப? வேற படம் எடுக்கணும்னு பழைய தகடெல்லாம் அப்பவே கழுவப் போட்டேனே. நீதானே கழுவினே?”

கெஸியாதான் கழுவினாள். ஒரு கூடை நிறையக் கண்ணாடி. அதில் ஒன்றில் மட்டும் படக் கறை லேசில் விடவில்லை. ‘சனியனே, போய்த் தொலை’ என்று திட்டிக்கொண்டே, சாம்பல் வைத்து இரண்டு தரம் தேய்த்திருந்தாள்.