வெறும் நெற்றி

ஏழுமலைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. வெள்ளைக்காரப் பாதிரியார் றக்வானை டவுனில் அதைக் கட்டிய காலத்தில் கல் சுமந்ததெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, பிள்ளைகளை மட்டும் அனுப்பவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால்தான், மாரியம்மன் கோவில் பூசாரியான அவரே மகள் கிருஷ்ணகுமாரியை அங்கே சேர்க்க வேண்டியதாயிற்று.

தினமும் காலையில் அம்மன் குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்து அனுப்புவார். சாயங்காலம் வெறும் நெற்றியோடு வந்து நிற்பாள். கேட்டால், "வேர்த்துச்சுப்பா" என்பாள். மழை கொட்டும் ஐப்பசியில் என்ன வேர்வை?

"சிஸ்டர்மாருதான் அழிக்கிறாங்க. கையும் களவுமா புடிச்சு, இன்னைக்கே புள்ளய கூட்டிட்டு வந்துர்றேன். படிச்சது போதும்" என்று மனைவி சுப்பம்மாவிடம் சொல்லிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக, மகள் போன பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். புலிகளோடு சண்டை வடக்கில் நடந்தாலும் சோதனைச் சாவடி இந்தப் பாதையிலும் இருந்தது. பஸ்ஸில் ஏறிய ஆமிக்காரன் மற்றவர்களை விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்தான்.

"பஹின்ன!"

இறங்கினார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர்கள் அனுப்புவதற்குள் பஸ் போய்விட்டது. மிச்ச தூரத்தைக் குடை பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார்.

இடைவேளையில் பள்ளிக்கூட வாசலில் மகளைக் கண்டதும் திகைத்துப்போனார். அவள் நெற்றியில் பளிச்சென்று குங்குமம்.

"இத யாரு வச்சது?"

"நாந்தாம்பா. பொட்டோட போனா தமிழாளுன்னு செக் பொயிண்ட்ல எறக்கிடுறாங்க. அதான் பஸ் ஏற முந்தி அழிச்சிருவேன். சிஸ்டர் இங்க ஒரு டப்பாவுல குங்குமம் வாங்கி வச்சிருக்காங்க. வந்ததும் வச்சுக்குவேன். போறப்ப திரும்ப அழிச்சிருவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துக்கிட்டு பள்ளிக்கூடமே வேணாம்னுருவீங்களே."

மணி அடிக்கும்வரை மதிலோரமாக உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பஸ் வளைவில் தெரிந்ததும் அவள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கி அதை அவரிடம் நீட்டினாள். பூசாரி அதை வாங்கித் தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காத்திருந்த சுப்பம்மா இரண்டு வெறும் நெற்றிகளையும் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, என்னங்க இது! உங்களயுமா மாத்திட்டாங்க?"

ஏழுமலை மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேர்த்துச்சு புள்ள" என்றார்.