டிபெட்ஸ் எதிர் ஹாஸ்கின்ஸ்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து ஓர் இதழாசிரியர் அழைத்தார். “பத்தொன்பது வருஷமா அங்கேயே இருக்கீங்க. அமெரிக்காவுல அதிகாரப் பிரிவினை எப்படி நடக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்.” சரி என்றேன். எழுதினேன்:

‘சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் அதை நிறைவேற்றும், நீதிமன்றம் அதை—’

எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாவது முயற்சி:

‘மூன்று தூண்களின் மேல் நிற்கும் இந்த—’

தூண் வேண்டாம். தூண்கள் ஒன்றையொன்று வழிமறிப்பதில்லை.

அப்போதுதான் வெர்லா ஹாஸ்கின்ஸ் நினைவுக்கு வந்தார். எங்கள் மாநிலச் சிறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தவர். இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் வந்து ஐந்து துப்பறியும் நாவல்களை அள்ளிக்கொண்டு போவார். ஒரு சனிக்கிழமை, புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டே, நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னார். கட்டுரையைக் கைவிட்டேன்.

2

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. வெர்லாவின் மேஜையில் இரண்டு காகிதங்கள்.

ஒன்று மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது: ஓரின் டிபெட்ஸ் என்ற கைதியை இன்றே விடுதலை செய்க. மற்றது ஆளுநர் மாளிகையிலிருந்து: மறு உத்தரவு வரும்வரை புதுச் சட்டத்தின் கீழ் யாரையும் விடுதலை செய்யக் கூடாது.

(இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவர். நம் ஊர் முதலமைச்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.)

முன்கதை சுருக்கமாக: பழைய நீண்ட தண்டனைகளைக் குறைத்துச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதை மறுபடி நிறைவேற்றியது; அப்படிச் செய்தால் ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. அதில் ஒரு வாக்கு, பனியில் கார் மாட்டிக்கொண்ட உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் போட்டது. அது செல்லாது, அது இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு வராது என்றார் ஆளுநர். தன் வாக்கை எப்படி எண்ணுவது என்பது சட்டமன்றத்தின் சொந்த விஷயம் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன் என்றார் ஆளுநர்.

மூன்று பெரிய கட்டடங்களில் நடந்த சண்டை, கடைசியில் ஒரு பெண்ணின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் ஓரினை நல்லவராக எழுதினேன். சிறையில் படித்தவர், தச்சு வேலை கற்றவர், செய்த தவறை எண்ணி அழுபவர். அப்படி எழுதியதும் கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அடித்துவிட்டேன், ஏனென்றால் வெர்லா சொன்னது வேறு.

“மோசமான ஆளு. வாரத்துக்கு ஒரு புகார் எழுதுவாரு என்மேல. சூப்புல உப்பு இல்லேன்னு ஒண்ணு, அடுத்த வாரம் உப்பு ஜாஸ்தின்னு ஒண்ணு.”

இருபத்தெட்டு வயதில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் கொள்ளையடிக்கப் போய், கல்லாவில் இருந்தவரைக் கையில் சுட்டவர். அந்தக் கை பிறகு சரியாகவே இல்லை. முப்பத்தொரு வருடம் உள்ளே இருந்தும் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதவில்லை. புதுச் சட்டமே தப்பு என்பதுதான் வெர்லாவின் கருத்து.

4

கைதியின் அக்கா நெட்டி ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து வாசலில் காத்திருந்தார். மூன்றே முக்காலுக்கு வெர்லா வெளியே போய்ப் பார்த்தார்.

“இன்னிக்கு இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்கம்மா. திரும்பிப் போறேன். பொய் மட்டும் சொல்லாதீங்க.”

“இன்னும் எனக்கே தெரியலம்மா” என்றார் வெர்லா.

உள்ளே வந்ததும் தொலைபேசி. மாநிலச் சிறைத் துறையின் தலைவர் பாமர்.

“வெர்லா, அந்த ஆள விட்டுடாதே. மத்திய அரசு நீதிமன்றத்துல தடை கேட்டிருக்கோம். அஞ்சு மணிக்குள்ள வந்துடும்.”

“வரலேன்னா?”

“திங்கட்கிழமை பாத்துக்கலாம்.”

“திங்கட்கிழமை வரைக்கும் எந்தச் சட்டத்துல அவர வெச்சிருக்கறது சார்?”

“அத வக்கீலுங்க பாத்துப்பாங்க.”

“வழக்கோட பேரப் பாத்தீங்களா? டிபெட்ஸ் எதிர் ஹாஸ்கின்ஸ். ஹாஸ்கின்ஸ் நான். நீங்க இல்ல, ஆளுநரும் இல்ல.”

“அட, அது சம்பிரதாயம். யாரு கையில ஆளு இருக்காரோ அவங்க பேரப் போடுவாங்க.”

“அதத்தான் சார் நானும் சொல்றேன். என் கையிலதான் இருக்காரு.”

“நீ ஆளுநருக்குத்தானே ஓட்டுப் போட்டே?”

“ரெண்டு தடவை. நீதிபதி வேலைக்கு அவருக்குப் போடலியே.”

“கதவத் தெறந்தா திங்கட்கிழமை உனக்கு வேலை இருக்காது.”

“அது ஆளுநரால முடியும் சார். தெரியும்.”

வெர்லா தொலைபேசியை வைத்துவிட்டார். ‘அவர் உள்ளத்தில் அரசமைப்பின் முன்னுரை ஒலித்தது’ என்று இங்கே எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன். உண்மையில் அவர் செய்தது, இரண்டு விரலால் நெற்றியைத் தேய்த்தது. பிறகு, “டிபெட்ஸைக் கூட்டிட்டு வாங்க” என்று காவலரிடம் சொன்னது.

5

நான்கு மணி பத்து நிமிடம். ஓரின் காகிதப் பையோடு வந்தார். வெர்லா கையெழுத்துப் போடச் சொன்னால், உள்ளே வந்த அன்று வாங்கி வைத்த பொருள்களின் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார்.

“என் கைக்கடிகாரம் எங்கே?”

“முப்பத்தொரு வருஷம் ஆச்சு டிபெட்ஸ்.”

“பட்டியல்ல இருக்கு பாருங்க. ஒம்பதாவது. கடிகாரம், தோல் வார்.”

“யோவ், அஞ்சு மணிக்குத் தடை வரும். போய்த் தொலையேன்.”

“என்னோடது குடுத்தாத்தான் போவேன்.”

வைப்பறையில் பெட்டிகளை இறக்கித் தேடினார்கள். வெர்லாவும் முட்டி போட்டுத் தேடினார். மேஜையில் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்து, தடை வந்துவிட்டது என்று கேட்டிருந்தால், அதற்கும் கீழ்ப்படிந்திருப்பார். அதனாலேயே எடுக்கவில்லை என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.

(கவனிக்கவும்: இது அவருடைய கதையில் நேர்மை கொஞ்சம் கசியும் இடம். அடைக்காமல் விட்டிருக்கிறேன்.)

நாலே முக்காலுக்குக் கடிகாரம் கிடைத்தது. ஓடவில்லை. ஓரின் அதைக் கட்டிக்கொண்டார்.

“எனக்காகவா தெறக்கறீங்க?”

“உன்ன எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.”

“எனக்கும் உங்களப் பிடிக்காது.”

கதவு திறந்தது. நெட்டி வண்டியிலிருந்து இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் கிடந்த கோட்டை எடுத்துப் பின்னால் போட்டு, தம்பிக்கு இடம் ஒதுக்கினார்.

ஐந்து மணிக்குத் தடை வரவில்லை. திங்கட்கிழமை காலை அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அன்று மதியமே ஆளுநர் வெர்லாவை வேலையிலிருந்து நீக்கினார். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

6

முடிவாக மூன்று வைத்திருந்தேன். வேலை திரும்பக் கிடைக்கிறது (கிடைக்கவில்லை). ஓரின் நன்றிக் கடிதம் எழுதுகிறார் (நான் சிரித்துவிட்டேன்). மூன்றாவது, நடந்தது.

ஜனவரியில் சட்டமன்றக் குழு வெர்லாவைச் சாட்சியாக அழைத்தது. சட்டத்தை ஆதரித்தவர்கள் பாராட்டினார்கள். பிறகு சாண்ட்குவிஸ்ட் என்ற உறுப்பினர், சட்டத்தை எதிர்த்தவர், ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“ஒரே கேள்விதாம்மா. அந்த ஆளு போற வழியில இன்னொருத்தர சுட்டிருந்தா, அப்பவும் நான் செஞ்சது சரின்னு இங்க வந்து சொல்லியிருப்பீங்களா?”

சட்டமன்றப் பதிவை வாங்கிப் பார்த்தேன். ‘சாட்சியின் பதில் காதில் விழவில்லை’ என்றிருக்கிறது. அடுத்த வரியில் குழு மதிய உணவுக்குக் கலைகிறது.

வெர்லாவோ, பதில் சொன்னேன் என்கிறார். ஒரே வார்த்தையாம். அது என்னவென்று எனக்கும் சொன்னார். இங்கே தட்டச்சு செய்தேன், படித்துப் பார்த்தேன், அழித்தேன். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி அவருக்கானதே அல்ல, சட்டத்தைப் போட்டவர்களுக்கானது. ஆனால் அந்த நாற்காலியில் அன்று வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பதிவில் அந்தப் பதிலின் இடம் காலியாகவே இருக்கிறது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். ஒலிவாங்கி திறந்துதான் இருக்கிறது.