நெல்லிக்கு ஒரு பானை கரையான்

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ராணி ஒரு உயிரைப் பட்டினி போட்டுவிட்டாள்.

அதுவும் நல்ல எண்ணத்தோடு. திங்கட்கிழமை சரஸ்வதிபுரத்து வீட்டின் ஸ்டோர் ரூமை ஒழிக்கும்போது, மேல் தட்டில் 'ஓட்ஸ்' என்று சீட்டு ஒட்டிய டப்பா ஒன்று அகப்பட்டது. திறந்தால் தவிடு. தவிட்டுக்குள் நெளிநெளியாய்ப் புழு. பொறுப்பான எந்தச் சமையல்காரி சும்மா இருப்பாள்? மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சலித்தாள், புழுவையெல்லாம் காக்காய்க்குப் போட்டாள், தவிட்டை வெயிலில் காயவைத்தாள், டப்பாவை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டுக்கார அம்மா பூமா, "பரவாயில்லையே, சுத்தபத்தமா இருக்கே" என்று பாராட்டவும் செய்தாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மகள் ஸஞ்சனா டப்பாவைத் திறந்தாள். அடுத்த நிமிடம் ராணியின் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"ராணிக்கா, இதுல இருந்த புழுவெல்லாம் எல்லி? எங்கே போச்சு?" பதற்றத்தில் கன்னடமும் கலந்து வந்தது.

"அதையேன் கேக்கறீங்க அம்மிணி. கால்படி இருக்கும். அத்தனையும் காக்காய்க்குப் போட்டுட்டேன்."

"அது நெல்லியோட சாப்பாடு."

நெல்லி, ஸஞ்சனாவின் அறையில் கூண்டுக்குள் வளரும் முள்ளெலி. உள்ளங்கையில் அடங்கும் ஆப்பிரிக்கச் சாதி. பூமாவைப் பொறுத்தவரை அது பிஸ்கட் தின்னும் பிராணி. மேல்கோட்டையிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம். முட்டையே வாசற்படி தாண்டாது. அந்த வீட்டில் புழு வளர்ப்பதைச் சொல்ல முடியுமா? அதனால்தான் 'ஓட்ஸ்'. கொழுப்புக் குறைந்த பூனை பிஸ்கட்தான் நெல்லிக்கு அன்றாடச் சாப்பாடு என்றாலும், மேலே நாலைந்து உயிருள்ள புழுவைத் தூவினால்தான் தட்டில் வாய் வைக்கும். அடுத்த பார்சல் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதான் வரும்.

செவ்வாய்க்கிழமை நெல்லி சாப்பிடவில்லை. வேகவைத்த பூசணியை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. மனசு கேட்காமல் பூமா ஒரு கிண்ணம் பால் வைத்தாள். "வயித்தால போகும்மா" என்று ஸஞ்சனா அதைப் பிடுங்கினாள். புதன்கிழமையும் தட்டு வைத்தபடியே இருந்தது. கால்நடை டாக்டரின் குரல் போன் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"நாளை மத்தியானத்துக்குள்ள தானா சாப்பிடணும். இல்லேன்னா ஈரல் கெட ஆரம்பிச்சிடும். கொண்டு வாங்க, குழாய் வெச்சுப் பார்க்கலாம். ஆனா உறுதி சொல்ல முடியாது."

ஸஞ்சனா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ராணிக்கு இருந்தது. ராணி சட்டென்று போன் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்க டாக்டரே, அது கரையான் திங்குமுங்களா?"

"நல்லாவே திங்கும். ஆனா மருந்து அடிச்ச இடத்துக் கரையானா இருக்கக் கூடாது."

ராணி மார்டள்ளி கிராமத்துக்காரி. கோழிக்குஞ்சுக்குத் தினமும் கரையான் பிடித்துப் போட்டு வளர்த்த கை. பழைய பானைக்குள் வைக்கோலும் சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஊரும் மண்ணில் பொழுது சாயக் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறைந்திருக்கும். தன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.

கொத்தனார் வேலை பார்க்கும் புருஷன் வேலாயுதம் சிரித்தான். "நம்ம சைட்டுல வெச்சாப் பானை பானையாக் கெடைக்கும் புள்ள."

"அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊத்துனது ஆருங்க?"

"நாந்தான்."

"அப்புறமென்ன?"

"செரி, அந்தப் பார்க்கு?"

"அங்க கொசு மருந்துப் புகை அடிக்கறாங்க."

"எனக்குச் சோறாக்கறப்ப இம்புட்டுச் சுத்தம் பார்த்திருக்கியா நீ?"

"உங்க வயிறு கல்லையும் செரிக்கும். அது பாவம்."

கடைசியில் வாடகை வீட்டுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத யூகலிப்டஸ் அடிக்கட்டை அருகில் பானையைக் கவிழ்த்தார்கள்.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் ராணி ஓடினாள். பானையை நோக்கிச் செவ்வெறும்பு வரிசை! கரையானை வாசம் பிடித்து வந்துவிட்டது. இன்னும் கால்மணி போனால் மிச்சம் இருக்காது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானையைப் புரட்டினாள். வைக்கோல் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது. எறும்பு கடித்ததைக்கூட உணராமல் துணியால் பானை வாயைக் கட்டினாள்.

"வண்டிய எடுங்க!"

மொபெட்டில் பானை அவள் மடியில். ஒவ்வொரு வேகத்தடையிலும், "மெதுவாங்க", அடுத்த நிமிடமே, "சீக்கிரமுங்க". வேலாயுதம், "ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்றான்.

ஸஞ்சனா திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். ராணி பிஸ்கட்டை உடைத்துத் தட்டில் பரப்பி, வைக்கோலை மேலே தட்டினாள். பொலபொலவென்று கரையான் உதிர்ந்தது. நெல்லி சுருண்ட பந்தாகவே கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ராணி தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

முள்ளுக்கு நடுவே ஈரமான மூக்கு ஒன்று நீண்டது. துடித்தது. பந்து பிரிந்தது. நெல்லி தட்டுக்குள் காலை வைத்து, நக்கி நக்கிக் கரையானை அள்ளியது. பிறகு கறுக், கறுக் என்று பிஸ்கட் நொறுங்கும் சத்தம். ஸஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராணி அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள்.

"ராணி, அதென்ன வெள்ளையா நெளியறது?"

கதவருகே பூமா.

ஸஞ்சனா வாயைத் திறக்குமுன் ராணி முந்திக்கொண்டாள். "கரையானுங்கம்மா. அன்னிக்கு நான் சலிச்சுக் கொட்டுனதும் இதோட சோறுதானுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்."

பூமா மகளைப் பார்த்தாள், டப்பாவை நினைத்தாள், எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூண்டருகே குனிந்தாள். நெல்லி தலையே நிமிர்த்தாமல் தின்றுகொண்டிருந்தது.

"அப்பாடா, சாப்பிடறது" என்றாள். "ஆனா அந்தப் பானை இந்த வீட்டுக்குள்ளே ஒரு நிமிஷம் இருக்கப்படாது. ஒண்ணு தப்பிச்சாலும் என் தேக்குப் பூஜை அலமாரி போச்சு. காலையிலே டப்பாவிலே மூடிக் கொண்டுவா."

"நாளைக்குமுங்களாம்மா?"

"பின்னே, சனிக்கிழமை வரைக்கும் பட்டினியா கிடக்கும்?"

ராணி பானையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். கீழே மொபெட்டில் சாய்ந்திருந்த வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தான்.

"தின்னுடுச்சுங்க! வைக்கோல் வாங்கிட்டுப் போலாம், வண்டிய எடுங்க."