எட்டுக் கண் மிருகத்துக்குப் புரை விழுந்த கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. பதினோரு மணிக்கு மச்சான் வருவார். அவருடைய மிருகத்தை நான் பாழாக்கி வைத்திருக்கிறேன். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாததால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அடிக்க மாட்டீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: தொலைதூரக் கிரகமொன்றின் ஊதா வானத்தின் கீழ், எட்டுக் கண்களுடைய அந்த

(வேண்டாம். மிருகம் எங்கள் சாப்பாட்டு மேசையில், பழைய செய்தித்தாள்மேல் நிற்கிறது. பிளாஸ்டிக். கட்டைவிரல் உயரம்.)

தெரியாதவர்களுக்கு: பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, அளவுநாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டிக் கொன்றுகொள்ளும் விளையாட்டு இது. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. வர்ணம் பூசாத பொம்மை மேசை ஏறக் கூடாது. இதற்காக ஐம்பது வயதுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

3

மச்சான் என் மனைவியின் அண்ணன், பல் மருத்துவர். போன வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. கிளினிக்கை மூடிவிட்டார். (இங்கே உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. மனைவி படித்துவிட்டு, "எங்க அண்ணன் என்ன செத்தா போயிட்டாரு?" என்றாள். நீக்கிவிட்டேன்.)

எட்டில் ஆறு கண்களை அவரே வரைந்தார். ஆறாவதன் கருவிழி லேசாக நெளிந்திருக்கும். அதோடு தூரிகையை வைத்துவிட்டார்.

"மாப்ள, மீதி ரெண்டையும் நீ போட்டுடு. என் கை இனிமே சொன்ன பேச்சு கேக்காது."

போட்டேன். நன்றாகவே போட்டேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

4

வர்ணம் உதிராமலிருக்க மேலே வார்னிஷ் அடிப்பது வழக்கம். மழை நாளில் அடிக்கக் கூடாது, ஈரக்காற்று பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். இது எங்கள் குழுவில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். நான் இன்று காலை கொட்டுகிற மழையில் பால்கனியில் நின்று அடித்தேன். எட்டுக் கண்ணிலும் புரை. சரியாகுமென்று இன்னொரு தடவை அடித்தேன். புரை தடித்தது.

மனைவிமேல் பழியைப் போட்டு ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். "என்னை எதுக்கு இழுக்கறீங்க? நான் இந்தக் கதையிலயே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

வழி இருக்கிறது. வர்ணம் கரைக்கிற திரவத்தில் ஊறவைத்தால் எல்லாம் போய்விடும். எட்டுக் கண்ணையும் நானே புதிதாக வரையலாம். ஆனால் அந்த ஆறும் மச்சானின் கை கடைசியாகச் செய்த வேலை. ஐந்தை அச்சு அசலாகச் செய்துவிடுவேன். ஆறாவதன் நெளிவை? செய்தித்தாள் ஓரத்தில் பதினேழு தடவை பழகினேன். ஒவ்வொன்றும் அழகாக, பொய்யாக வந்தது. வெட்கமாக இருந்தது.

6

முடிவு (அ): "இன்னும் காயல மச்சான்" என்று ஒரு வாரம் வாங்கி, திருட்டுத்தனமாக வரைகிறேன்.

முடிவு (ஆ): அப்படியே கையில் கொடுக்கிறேன். அவர்

வாசல் மணி அடிக்கிறது. பத்தே முக்கால்தான் ஆகிறது!

"உள்ள வாங்கண்ணே. அவரு ஏதோ எழுதிட்டிருக்காரு."

"எங்க மாப்ள நம்ம ஆளு? கண்ணைக் காட்டு, பாப்போம்."

என் இடது கையில் மிருகம். வலது கையில் மூடி திறந்த திரவக் குப்பி. இரண்டு கையும் நடுங்குகின்றன. ஆறாவது கண்ணை வரைய இப்போதுதான் சரியான கை வாய்த்திருக்கிறது.

மேலே எழுதப் பேனா பிடிக்கக் கை இல்லை. எதைக் கீழே வைக்கட்டும், மிருகத்தையா, குப்பியையா? நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.